ஏழுக்கு மேல் ஒரு சின்ன இரண்டு

கணக்கு வாத்தியார் என்றதும் உங்களுக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வருகிறது?

பலருக்கு ஒரு பிரம்பும், பிரம்புக்குப் பின்னால் ஒரு மீசையும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது, சாக்பீஸ் தூள் படிந்த ஒரு முழுக்கைச் சட்டை. அதன் பாக்கெட்டில் இங்க் கசிந்து, துவைத்துத் துவைத்தும் போகாத ஒரு நீலக் கறை. அந்தச் சட்டைக்காரரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்குப் பதினைந்து வருடம் ஆனது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்குப் பாடம் வரும். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு தோல் தொழிலாளியின் மகன் எனக்குப் புரிய வைத்த கணக்கு அது. உங்களுக்கும் புரியும்.

வேலூரை உங்களுக்குத் தெரியும். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் ஊர். அங்கிருந்து பாலாற்றை ஒட்டி பெங்களூர் ரோட்டில் போனால் பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி. எதிர்த்திசையில் மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனால்கூட ஊர் வந்ததை மூக்கு சொல்லிவிடும். தோல் பதனிடும் வாசனை. நாற்றம் என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது சம்பள வாசனை. வாணியம்பாடியில் 1919-லேயே இஸ்லாமியா கல்லூரி வந்ததற்கும், மேல்விஷாரத்தில் 1965-ல் சி.அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி வந்ததற்கும் பின்னால் இருந்தது தோல் வியாபாரிகளின் பணம்தான்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தது 1982 முதல் 1985 வரை, வேலூரில் ஒரு கல்லூரியில். பெயர் வேண்டாம். அப்போது அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். கேள்வித்தாள் மெட்ராஸிலிருந்து வரும். அதைத் திறக்கும்போது வயிற்றில் ஏதோ பிசையும்.

மூன்றாம் வருடத்தில் 'ரியல் அனாலிசிஸ்' என்று ஒரு பேப்பர். கோல்ட்பர்க் என்பவர் எழுதிய தடிப்புத்தகம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அதில் இங்கிலீஷும் புரியாது, கணக்கும் புரியாது. எந்தப் புரியாமை எதனால் வந்தது என்பதும் புரியாது.

அதை நடத்த வந்தவர்தான் நீலக் கறை சார். முதல் நாளே போர்டு முழுக்க எழுதினார். 'ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு...' திரும்பினார். "யாருக்காவது புரியலையா?" யாரும் கை தூக்கவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததை எழுத ஆரம்பித்தார். இப்படியே இரண்டு மாதம். நாங்கள் அவருக்கு 'எப்சிலான்' என்று பெயர் வைத்தோம். நாங்கள் அந்தப் பாடத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

முதல் இன்டர்னல் பரீட்சை வந்தது. 42 பேரில் பாஸ் 6 பேர். அதில் ஒருவன், கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காரும் ஆம்பூர்க்காரன்.

அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வகுப்பில் 'ஆம்பூரு' என்றால்தான் தெரியும். தினமும் பஸ்ஸில் வருவான். அவன் அப்பா ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். லீவு நாட்களில் இவனும் போவான். இவனுக்கு அளக்கிற இடத்தில் வேலை. சட்டையில் அந்த வாசனை எப்போதும் லேசாக இருக்கும். அதனால்தான் ஓர பெஞ்சு. வாசனைக்குப் பின்னால் வேறு ஒரு காரணமும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே பெஞ்சில் விட்டிருந்த இடைவெளியே அதைச் சொல்லிவிடும். அந்த இடைவெளியை விட்ட 'அடுத்தவன்' நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பரீட்சை ரிசல்ட் வந்த வாரம் வகுப்பில் ஒரே கொந்தளிப்பு. பிரின்சிபாலிடம் மனு கொடுப்பது என்று முடிவானது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில். நானும் உற்சாகமாகத்தான் எழுதினேன். பேராசிரியரின் புலமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவர் நடத்துவது எங்களுக்குப் புரியவில்லை, எனவே பரீட்சைக்குத் தேவையான நோட்ஸ் கொடுக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். முப்பத்தொன்பது கையெழுத்து. ஆம்பூரிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"புரியலைன்றது நெஜந்தான். ஆனா அத்த அவராண்டதான சொல்லணும்? இன்னாத்துக்கு பிரின்சிபாலாண்ட சொல்றீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது வருமே, அந்தக் கோபம். "நீ பாஸ் பண்ணிட்ட. பேசுவ" என்றேன்.

மனுவைத் திங்கட்கிழமை கொடுத்தோம்.

புதன்கிழமை சார் வந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. போர்டில் உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக ஓர் உருவம் வரைந்தார்.

"சதுரம்னா ஏரியா தெரியும். வட்டம்னா ஃபார்முலா இருக்கு. இதுக்கு ஏரியா எவ்வளவு? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

வழக்கமான மௌனம். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"மெஷின்ல வுடுவோம் சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "என்ன மெஷின்?"

"அளக்கற மெஷின் சார். எங்க ஊர்ல."

"எதை அளக்கறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. முப்பதுக்கும் மேற்பட்ட முகங்கள் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. "தோல சார்" என்றான்.

"இங்க வா. வந்து சொல்லு."

ஆம்பூரு போர்டுக்குப் போனான். அந்த வருடத்தில் அவன் முன் வரிசையைத் தாண்டிப் போனது அன்றுதான் முதல் முறை.

அவன் சொன்னதை என் வார்த்தையில் உங்களுக்குச் சொல்கிறேன். ஆட்டுத்தோல் சதுரமாக இருக்காது. கழுத்துப் பக்கம் குறுகும், வயிற்றுப் பக்கம் விரியும், நாலு கால்களும் நாலு திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால், பதனிட்டு முடித்த தோலை விற்பது சதுர அடிக் கணக்கில். கால் அடி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கோ நஷ்டம். அதற்குத்தான் அந்த மெஷின். வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் நெருக்கமாகச் சின்னச் சின்னக் கம்பிகள். தோலை உள்ளே விட்டால், தோல் இருக்கும் இடத்தில் கம்பி அமுங்கும், இல்லாத இடத்தில் அமுங்காது. ஒவ்வொரு சக்கரமும் தன் பங்குக்கு ஒரு பட்டையை அளக்கும். எல்லாப் பட்டைகளையும் கூட்டி, கடிகாரம் மாதிரி ஒரு முள் மொத்தச் சதுர அடியைக் காட்டும். அதைத் தோலின் பின்பக்கம் எழுதிவிடுவார்கள்.

"எப்படி எழுதுவீங்க?"

போர்டில் எழுதினான். 7. அதன் வலது தோளில் சின்னதாக ஒரு 2.

"செவென் ஸ்கொயர். நாற்பத்தொன்பதா?" என்றார் சார்.

"இல்ல சார். ஏழே அர அடி."

திரும்பவும் சிரிப்பு. கணக்கு டிகிரி படிக்கிறவன் 7²-ஐ ஏழரை என்கிறானே! அவன் பொறுமையாகச் சொன்னான். தோல் வியாபாரத்தில் முழு அடியைப் பெரிதாகவும், அதற்கு மேல் எத்தனை கால் அடி என்பதை மேலே சின்னதாகவும் எழுதுவார்கள். 7¹ என்றால் ஏழேகால். 7² ஏழரை. 7³ ஏழேமுக்கால்.

சார் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் போய் முதல் பெஞ்சில், மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே கேட்டார்.

"சரி. வாங்கறவன் ஒருத்தன் வரான். ஒரு தோலுக்குக் கால் அடிக்கு மேல தப்பு வரக் கூடாதுன்றான். உன் மெஷின் போதுமா?"

"போதும் சார்."

"இன்னொருத்தன் வரான். அரைக்கால் அடிக்கு மேல தப்பு கூடாதுன்றான்."

"சக்கரத்த இன்னும் நெருக்கி வெக்கணும் சார். கம்பியையும்."

"மூணாவது ஆள், நூறுல ஒரு பங்கு அடின்றான்."

"இன்னும் நெருக்கணும்."

"எவன் வந்து எவ்வளவு சின்னதாக் கேட்டாலும்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தான். "எவ்ளோ சின்னதா கேட்டாலும் அதுக்கேத்த மாதிரி ஒரு நெருக்கம் இருக்கும் சார். ஆனா, தப்பே கூடாதுன்னு மட்டும் கேக்கக் கூடாது."

சார் எழுந்தார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"அவ்வளவுதாண்டா! வாங்கறவன் சொல்ற தப்பு இருக்கே, அதுதான் எப்சிலான். நீ வெக்கிற நெருக்கம்தான் டெல்டா. அவன் எப்சிலானைச் சொல்லட்டும், நான் டெல்டாவைத் தரேன். ஆனா எப்சிலான் பூஜ்ஜியமா மட்டும் இருக்கக் கூடாது."

எனக்கு ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்தது. இரண்டு மாதமாகப் போர்டில் செத்துக்கிடந்த கிரேக்க எழுத்துகள் எழுந்து வந்து பேரம் பேச ஆரம்பித்துவிட்டன. நியூட்டனும் லைப்னிட்ஸும் 17-ம் நூற்றாண்டில் கால்குலஸைக் கண்டுபிடித்தபோது, 'கிட்டத்தட்ட' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஒப்பேற்றினார்கள். அந்தக் 'கிட்டத்தட்ட'வுக்கு ஒழுங்கான இலக்கணம் எழுத 19-ம் நூற்றாண்டில் கோஷியும் வயர்ஸ்ட்ராஸும் வரவேண்டியிருந்தது. ஒழுங்கற்ற பரப்பைப் பட்டை பட்டையாகப் பிரித்து அளக்கும் முறைக்கு ரீமான் 1854-ல் இலக்கணம் சொன்னார். அதையேதான் ஆம்பூர் டேனரியில் ஒரு மெஷின், யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தது.

அன்று மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை.

என் மனு அப்போது பிரின்சிபால் மேஜையில் இருந்தது. ஓடிப்போய் வாங்கியிருக்கலாம். 'சார், அவசரப்பட்டுட்டோம்' என்று சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை முழுக்க இருந்தது. நான் போகவில்லை. முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டதை நான் ஒருவன் எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பிரவுன் அட்டை போட்ட ஒரு நோட்டோடு வந்தார். "எழுதிக்கோங்க" என்றார். பிறகு வருடம் முழுக்க 'எழுதிக்கோங்க'தான். கேள்வி கேட்கவில்லை, உருளைக்கிழங்கு வரையவில்லை, முன் பெஞ்சில் உட்காரவில்லை. கடைசிப் பரீட்சையில் இரண்டே பேர்தான் ஃபெயில். எனக்கு 81. எங்கள் மனு ஜெயித்துவிட்டது.

ஒரே ஒரு குறும்பை மட்டும் அவர் விடவில்லை. அதன் பிறகு எல்லா விடைத்தாளிலும் அரை மார்க்கை ஆம்பூர் பாணியில்தான் போட்டார். பத்துக்கு 6², 7². மார்க்கைப் பதிவு செய்யும் ஆபீஸ் கிளார்க், 'பத்துக்கு நாற்பத்தொன்பது எப்படி சார் போடறது?' என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

வகுப்பில் விட்டதை சார் வீட்டில் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆம்பூரு தவறாமல் போனான். "நீயும் வாடா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அம்மா எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டு வருவார்கள். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த டம்ளரை ஆம்பூரு ஒரு கணம் உற்றுப் பார்த்ததை நான் பார்த்தேன். என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அந்தத் திண்ணையில்தான் ஃபாதர் ரசீன் பற்றிக் கேள்விப்பட்டேன்.

சார்ல் ரசீன். 1897-ல் பிரான்ஸில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார். பாரிஸில் எலீ கார்த்தான் என்ற மாபெரும் கணித மேதையிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். 1937-ல் இந்தியாவுக்கு வந்தார். முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு சென்னை லயோலா. அப்போதெல்லாம் இங்கே கணக்குப் படிப்பு என்றால் பழைய கேம்பிரிட்ஜ் பாணியில் கடினமான கணக்குகளை வேகமாகப் போடுவதுதான். பிரான்ஸில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த நவீனக் கணிதத்தை நம் பையன்களுக்குக் காட்டியவர் ரசீன். எங்கள் சார் ஐம்பதுகளின் பின்பாதியில் லயோலாவில் அவரிடம் படித்தவர்.

"ஃபாதர் பாடம் நல்லா நடத்துவாரா சார்?" என்று கேட்டேன். கேட்டபோது என் காது சூடானது.

சார் சிரித்தார். "சுத்தமாப் புரியாது. அந்த உச்சரிப்பு வேற. நாங்களும் முணுமுணுப்போம். ஆனா, பின்னால பெரிசா ஏதோ இருக்குன்னு மட்டும் தெரியும். எவன் கண்ணுல அது தெரியுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பார். தெரிஞ்சா விடமாட்டார். பம்பாய்க்கு, டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பிடுவார்."

அப்படி அவர் கண்ணில் பட்டவர்கள் இருவர் சாருக்குச் சில வருடங்கள் சீனியர்கள். இருவரும் 1932-ல் பிறந்தவர்கள். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ்.சேஷாத்ரி. இன்னொருவர் தண்டரை என்ற கிராமத்தில் பிறந்த எம்.எஸ்.நரசிம்மன். இருவரும் 1953-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965-ல் இருவரும் சேர்ந்து நிரூபித்த தேற்றம் இன்றைக்கும் உலகம் முழுக்க 'நரசிம்மன் - சேஷாத்ரி தேற்றம்' என்றே வழங்குகிறது. ஜியோமிதியையும் இயற்கணிதத்தையும் இணைக்கும் பாலம் அது. பிற்பாடு பௌதிகக்காரர்களும் அந்தப் பாலத்தின் மேல் நடந்து போனார்கள்.

"நரசிம்மன் யார் தெரியுமா?" என்று ஆம்பூரைப் பார்த்துச் சொன்னார் சார். "நம்ம வட ஆற்காடு ஜில்லாக் குடும்பத்துப் பையன். கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவர். கணக்குக்கு ஊர் கிடையாதுடா."

ஆம்பூரு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தபோது, "நம்ம ஜில்லாவாம்டா" என்று இரண்டு தடவை சொன்னான்.

1985 மே மாதம். ஆம்பூரு மெட்ராஸில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்பது சாரின் ஆசை. அப்ளிகேஷனை அவரே வாங்கி, பணமும் கட்டத் தயாராக இருந்தார். பையனிடமிருந்து பதில் இல்லை. "அவங்க வீட்டுக்கு வழி தெரியுமா உனக்கு?" என்று என்னைக் கேட்டார். இருவரும் பஸ் ஏறினோம்.

ஓட்டு வீடு. அவன் அப்பா எங்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். சார் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. சுண்ணாம்பு அரித்த கைகள். பாதங்களில் துணி சுற்றியிருந்தார். சார் எல்லாவற்றையும் விளக்கினார். எம்.எஸ்ஸி., அப்புறம் ஆராய்ச்சி, பம்பாய், வெளிநாடுகூடப் போகலாம். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"எத்தினி வருசம் சார்?"

"ரெண்டு வருஷம் எம்.எஸ்ஸி. அப்புறம் ஒரு அஞ்சாறு வருஷம்."

"அது வரிக்கும் நாங்க இன்னா துன்றது சார்? என் காலு இன்னும் ஒரு வருசம் தாங்கினா பெருசு. இவனுக்குக் கீழ மூணு பேரு. கம்பெனில அளக்கற எடத்துல பர்மனன்ட் பண்றேன்னு சொல்லிக்கிறாங்க."

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. வெறும் கணக்குதான். சாரிடம் அதற்கு விடை இல்லை. ஆம்பூரு கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது பள்ளிகொண்டா வரை சார் பேசவில்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "மே மாசம் வந்து பேசறேன் பாரு, முட்டாள். ஃபாதரா இருந்தா போன வருஷமே நாலு பேருக்கு லெட்டர் எழுதி, பணத்துக்கு வழி பண்ணிட்டு அப்புறம் வந்து கேட்டிருப்பார். நான் நோட்ஸ் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

நோட்ஸ். நான் எழுதிய மனுவில் இருந்த வார்த்தை. பஸ் ஜன்னல் வழியாக அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது அதனால் அல்ல.

நான் பேங்க் பரீட்சை எழுதி, வேலை கிடைத்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போனேன். ஆம்பூரு டேனரியில் சேர்ந்தான். 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. பாலாற்றங்கரை நிலமும் கிணறும் தோல் கழிவால் கெட்டுப்போனதைச் சொல்லி, கெடுத்தவர்தான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு. தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம். நியாயமான தீர்ப்பு. அந்தச் சமயத்தில் பல டேனரிகள் மூடிக்கிடந்தன. ஆம்பூருக்கும் சில மாதம் சம்பளம் இல்லை. அவன் ஊர்க் கிணற்றில் குடிக்கத் தண்ணீரும் இல்லை. கணக்கின் இரண்டு பக்கத்திலும் அவன் பெயர்தான் கழிந்தது.

1999-ல் ஒரு லீவில் வேலூர் போனபோது சாரைப் பார்க்கப் போனேன். ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகியிருந்தது. அதே திண்ணை, அதே டம்ளர். அன்றைக்குச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"சார், அந்த மனுவை எழுதினது நான்தான்."

"தெரியுமே" என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. "பிரின்சிபால் என்கிட்ட காட்டினார். உன் பரீட்சைப் பேப்பரைத் திருத்தினவனுக்கு உன் கையெழுத்து தெரியாதா?"

பதினைந்து வருடம்! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெரிந்துகொண்டேதான் எனக்குக் காபி கொடுத்திருக்கிறார். ஆம்பூருக்குத் தெரிந்துகொண்டேதான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார்.

"அதுல பொய் ஒண்ணும் இல்லையேப்பா. புரியலைன்னு எழுதியிருந்தே. புரியாமத்தானே நடத்தினேன்? ஃபாதருக்குப் புரியாம நடத்த உரிமை இருந்துது. அவர் பின்னால அவ்வளவு பெரிய கணக்கு இருந்துது. நான் அவரோட புரியாமையை மட்டும் காப்பி அடிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. என் மேலதான். அந்த புதன்கிழமை எப்படி நடத்தணும்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா, வெள்ளிக்கிழமை திட்டு வாங்கின உடனே ரோஷத்துல நோட்டை எடுத்துட்டேன். அந்த ரோஷத்தைக் கொஞ்சம் விட்டிருந்தா அந்தப் பையனை வருஷம் பூரா போர்டுல நிக்க வெச்சிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி முடிந்தது. இரண்டு பேருமே கேட்க வேண்டிய ஆள் ஆம்பூரில் இருந்தான்.

சார் 2011-ல் இறந்துபோனார். சேஷாத்ரி 2020-லும் நரசிம்மன் 2021-லும் போனார்கள். நரசிம்மன் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்ததும் ஆம்பூருக்குத்தான் போன் செய்தேன். அவனும் படித்திருந்தான். "நம்ம ஜில்லா" என்றான். அந்த ஜில்லாவே இப்போது இல்லை. வட ஆற்காடு உடைந்து, வேலூராகி, 2019-ல் வேலூரும் மூன்றாகி, இன்றைக்கு ஆம்பூர் இருப்பது திருப்பத்தூர் மாவட்டத்தில்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனேன். கல்யாணப் பிரியாணி முடிந்ததும் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஓட்டு வீடு மாடி வீடாகியிருந்தது. தம்பி தங்கைகள் மூன்று பேரையும் படிக்கவைத்திருக்கிறான். ஒருத்தி டீச்சர். என்னை உட்காரவைத்து, பக்கத்தில் நெருக்கமாக வந்து உட்கார்ந்தான். ஒரு கணம் கல்லூரி பெஞ்சு ஞாபகம் வந்தது. அவனிடம் கேட்டேன்.

"நீ எம்.எஸ்ஸி. போயிருந்தா..."

"வுட்ரா. எங்கப்பா கேட்டதுதான் கரெக்டு. யாராவது பதில் சொல்லியிருந்தா போயிருப்பேன். சொல்லல. போவல."

"அந்த பெஞ்சுல..." என்று ஆரம்பித்தேன். அவன் என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினான். மறந்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் மேலே பேசவில்லை.

பிறகு அவனே பேச்சை மாற்றினான். "இப்ப சக்கர மெஷின்லாம் கெடையாது, தெரியுமா? எலக்ட்ரானிக். லைட்டு மேல தோல் போவும். நம்பர் தானா வந்து வுழும். எப்சிலான் ரொம்பச் சின்னதாயிடுச்சு."

"பூஜ்ஜியம் ஆயிடுச்சா?"

சிரித்தான். "அது மட்டும் ஆவாது. சார் சொல்லிக்கிறாரே."

அலமாரியிலிருந்து அந்தக் கோல்ட்பர்க் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். சார் கொடுத்தது. நடுவே மடித்து வைத்த ஒரு பழைய விடைத்தாள். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே சிவப்பு மையில் மார்க் போட்டிருந்தது. ஒரு ஏழு. அதன் தோளில் சின்னதாக ஒரு இரண்டு.

அவன் பேத்தி எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "செவென் டூ-வா தாத்தா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஏழே அர" என்றான். "இங்க வா. ஏன்னு சொல்றேன்."